நடக்க ஏலாத ஜனாதிபதியும் எங்கட மேடைப் படியும்

கந்தர்மடத்துச் சேர் | ஞாயிறு இரவு 8:40

உயர்தர வகுப்புக்கு நியூ டீல் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான். போனில அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின்ர படம் ஒண்டைக் காட்டினன். காரின்ர பின் சீற்றில இருந்து தொப்பியைத் தூக்கிச் சிரிக்கிற படம். பின் வாங்கில இருந்து ஒரு பிள்ளை கேட்டுது: "சேர், இவருக்குக் கால் ஏலாது எண்டனீங்கள். எல்லாப் படத்திலயும் ஒண்டில் இருக்கிறார், இல்லாட்டி ஆரையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அந்தச் சனத்துக்கு இது விளங்கேல்லையோ?"

"தெரியும், ஆனால் தெரியாது" எண்டு ஏதோ சொல்லி மழுப்பிப்போட்டு வந்திட்டன். வீட்டை வந்தும் மனம் கேக்கேல்லை, அதாலை இஞ்ச எழுதுறன்.

1921 ஆகஸ்ட், கம்போபெல்லோ தீவில விடுமுறைக்கு நிக்கேக்க ஆளுக்கு வருத்தம் பிடிக்குது. வயசு 39. இளம்பிள்ளை வாதம் எண்டு சொன்னவை. இடுப்புக்குக் கீழ அதுக்குப் பிறகு சரிவரவே இல்லை. அந்தக் காலோடதான் நியூயோர்க் ஆளுநரானார். 1932, 1936, 1940, 1944 எண்டு நாலு தரம் ஜனாதிபதித் தேர்தலை வெண்டார். அமெரிக்காவில வேற ஒருத்தரும் நாலு தரம் வெல்லேல்லை.

அவர் எதை ஒளிச்சவர் எண்டதிலதான் எனக்கு அக்கறை. வருத்தம் வந்ததை ஒளிக்கேல்லை. பத்திரிகையெல்லாம் எழுதினது. 1931இல ஒரு சஞ்சிகை, இவர் ஜனாதிபதியாக உடம்பால தகுதியானவரோ எண்டு கேட்டே கட்டுரை போட்டது. அவரின்ர பிறந்தநாளுக்கு ஊரூரா நடனவிழா வைச்சுப் போலியோவுக்குக் காசு சேர்த்தவை. "வந்தது, வெண்டிட்டார்" எண்டதுதான் சனத்துக்குக் குடுத்த கதை. ஒளிச்சது, அவரைத் தூக்கிற கையளை. காரில இருந்து இறக்கிறது, படியால காவிக்கொண்டு போறது, கதிரையில இருத்திறது. அதைப் படமெடுத்தால் காவலுக்கு நிண்டவை கமராவை மறிப்பினம், பிலிமைப் பறிப்பினம். சக்கரக் கதிரையில அவர் இருக்கிற படம் விரல்விட்டு எண்ணலாம். அந்தக் கதிரையும் ஆஸ்பத்திரிக் கதிரை இல்லை. கைபிடியில்லாத சாப்பாட்டு மேசைக் கதிரைக்குச் சில்லுப் பூட்டினது. தூரத்தில பாத்தால் சாதாரணக் கதிரை.

எங்கட பக்கத்தில இது எப்பிடி நடந்தது, நடக்குது எண்டு தெரிஞ்சாக்கள் எழுதுங்கோ.


கோண்டாவில் பெடியன் | ஞாயிறு இரவு 9:05

சேர், கோவிக்காதேங்கோ, இதுக்குப் பேர் ஏமாத்து. அந்தாளும் பத்திரிகைக்காரரும் கூட்டுச் சேர்ந்து 12 வருசம் சனத்தைப் பேய்க்காட்டியிருக்கினம். இண்டைக்கு எண்டால் காரால இறக்கி முடியமுன்னம் டிக்டொக்கில வந்திடும்.


காலிப்பர் அக்கா | ஞாயிறு இரவு 9:48

தம்பி, நீர் காலிப்பர் போட்டுப் பாத்திருக்கிறீரோ? நான் 4 வயசிலயிருந்து போடுறன். எனக்கும் அந்தாளுக்கு வந்த வருத்தம்தான். எங்கட காலத்துப் பிள்ளையளில வகுப்புக்கு ஒண்டு இருக்கும். இப்ப இல்லை, இலங்கையில கடைசிப் போலியோ 1993 எண்டு சொல்லுகினம்.

உது எப்பிடி வேலை செய்யுது எண்டு சொன்னால் உங்களுக்கு ரூஸ்வெல்ட்டின்ர படமெல்லாம் வேற மாதிரித் தெரியும். இடுப்புக்குக் கிட்டவிருந்து சப்பாத்து மட்டும் ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் பட்டி. முழங்காலில ஒரு பூட்டு. எழும்பி நிக்கேக்க அதை விழுத்திப் பூட்டவேணும், இருக்கேக்க கையால இழுத்துத் திறக்கவேணும். திறக்கேக்க "டக்" எண்டு ஒரு சத்தம் வரும். கந்தோரில கூட்டம் நடக்கும், எல்லாரும் சத்தமில்லாமல் இருப்பினம், நான் இருக்கப் போனால் டக். முழு மண்டபமும் திரும்பிப் பாக்கும். பிறகு பாக்காத மாதிரி நடிக்கும். அந்த நடிப்புத்தான் அந்தச் சத்தத்தைவிட எனக்குக் கூடக் கேக்கும்.

கால் பூட்டினாப் பிறகு அது கால் இல்லை, ரெண்டு பொல்லு. இடுப்பை எறிஞ்சுதான் முன்னுக்குப் போகவேணும். அதைத்தான் அவர் மகனின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையில தடியோட, ஆக்களோட பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டு செய்தவர். சிரிப்பு சும்மா வரேல்லை தம்பி. முகத்தைப் பாக்கிற சனம் காலைப் பாக்காது. 35 வருசம் கந்தோருக்குப் போய் வந்தனான். எனக்கும் அந்த வித்தை தெரியும்.

இரும்பின்ர கணுக்கால் பக்கத்துக்குக் கறுப்பு மை பூசி, காற்சட்டையையும் நீட்டாத் தைப்பிச்சவர் எண்டு வாசிச்சனான். நானும் சீலையை நிலத்தில முட்டத்தான் உடுப்பன். அப்ப நானும் ஏமாத்துக்காரியோ?


கோண்டாவில் பெடியன் | ஞாயிறு இரவு 10:02

ஐயோ அக்கா, உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் ஆரிட்டயும் வோட்டுக் கேக்கேல்லைத்தானே.


காலிப்பர் அக்கா | ஞாயிறு இரவு 10:06

வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனனான். அதுவும் வோட்டுத்தான். உள்ள இருந்தது மூண்டு பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.


பழைய பேப்பர் | திங்கள் காலை 6:15

நித்திரையால எழும்பி இதைப் பாத்தவுடன தந்தை செல்வாதான் ஞாபகம் வந்தார். ஒருத்தரும் சொல்லேல்லையே.

1972 ஒக்டோபரில காங்கேசன்துறைத் தொகுதியை ராஜினாமாச் செய்து, "புது யாப்பைத் தமிழர் ஏற்கினமோ எண்டு இடைத்தேர்தல் வைச்சுப் பார்" எண்டு அரசாங்கத்துக்குச் சவால் விட்டவர். அவங்கள் இழுத்தடிச்சு 1975 பெப்ரவரி 6தான் தேர்தல் வைச்சாங்கள். எனக்கு அப்ப 11 வயசு. அப்பாவின்ர சைக்கிள் பாரில இருந்து கூட்டத்துக்குப் போனன். செல்வாவுக்கு 76 வயசு. பார்க்கின்சன் வருத்தம், கை நடுக்கம். காதும் வடிவாக் கேளாது. மைக்கை வாயோட முட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சாலும் முன் வரிசைக்கே சொல் விளங்காது. ஆனால் அவர் வாய் திறந்த உடன அத்தினை சனமும் அடங்கிச்சுது. கச்சான் வித்தவன்கூட நிப்பாட்டிப்போட்டு நிண்டான். "என்னப்பா சொல்லுறார்?" எண்டு கேட்டன். அப்பா வாயில விரலை வைச்சார். வீட்டை வரேக்கதான் சொன்னார், தனக்கும் ஒண்டும் விளங்கேல்லையாம்.

எதிர்த்து நிண்டது கம்யூனிஸ்ட் கட்சியின்ர வி. பொன்னம்பலம், லேசுப்பட்ட ஆளில்லை. 16,000க்கு மேற்பட்ட வாக்கால செல்வா வெண்டார். அடுத்த வருசம் பண்ணாகத்தில, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானமும் அவர் தலைமையிலதான்.

இதில ஒளிப்பு ஒண்டும் இல்லை, எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னால தெரிஞ்சது. ஆனால் ஒரு ஏற்பாடு இருந்தது. முழங்கிறதுக்கு அமிர்தலிங்கம் இருந்தார். செல்வா பேசவே தேவையில்லை, வந்து இருந்தால் போதும். "தந்தை" எண்ட சொல்லுக்குள்ள அந்த நடுக்கமும் அடங்கிப் போச்சு. தகப்பன் எண்டால் கிழவர், கிழவர் எண்டால் நடுங்கும், அதில என்ன?


கோண்டாவில் பெடியன் | திங்கள் காலை 7:30

ஐயா, அதே நடுக்கத்தோட 40 வயசு ஆள் ஒருத்தர் வந்திருந்தால்?


பழைய பேப்பர் | திங்கள் காலை 7:41

வேட்புமனுவே குடுத்திருக்க மாட்டினம். "பாவம், வருத்தக்காரன், வீட்டில இருக்கட்டும்" எண்டிருப்பினம். மெய்தான்.

வயசு எண்ட போர்வையும் கனநாளைக்குக் காணாது. சம்பந்தன் ஐயாவின்ர கடைசி வருசங்களில பதவியை விடச்சொல்லிக் கட்சிக்குள்ளயே கதை எழும்பினது. எங்களுக்குள்ள எத்தினை பேர் மனதுக்குள்ள அதையே சொன்னனாங்கள்? 2024 யூன் 30, அவர் செத்த அண்டைக்கு எல்லாரும் படத்தை மாத்தினம்.


கலரி ரிக்கற் | திங்கள் மத்தியானம் 12:20

வாத்தியார் எம்.ஜி.ஆரை விட்டுட்டு என்ன கதை? 1967 ஜனவரி 12, எம்.ஆர். ராதா சுட்டது. குண்டு கழுத்தில. தேர்தலுக்கு ஒரு மாதம்தான் கிடக்கு. கழுத்தில கட்டோட ஆஸ்பத்திரிக் கட்டிலில கும்பிட்டபடி இருக்கிற படத்தைச் சுவரொட்டியா அடிச்சு ஒட்டினாங்கள். ஆள் பரங்கிமலைக்குப் போகாமலே பரங்கிமலையில வெண்டது. குரல் பிறகு பழையபடி வரேல்லை. எங்கட அண்ணைமார் படம் பாத்துட்டு வந்து அந்தக் குரலிலயே கதைச்சுக் காட்டுவினம். நக்கலில்லை, பக்தி.

1984இல பாரிசவாதம், சிறுநீரகமும் போச்சு. ஆள் புரூக்ளினில. ஆண்டிபட்டியில வேட்பாளர். உயிரோட இருக்கிறார் எண்டு காட்ட ஆஸ்பத்திரியில எடுத்த வீடியோவைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினாங்கள். திரும்பவும் வெற்றி. முதல் தரம் காயத்தைக் காட்டி வெண்டவர், ரெண்டாந்தரம் நலத்தைக் காட்டி. எப்ப எதைக் காட்டவேணும் எண்டு அவரைச் சுத்தி இருந்தவைக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னொரு பக்கம் பெரியார். கடைசிக் காலத்தில மூத்திரக் குழாயும் வாளியுமா வான் ஏறி ஊரூராப் போனவர். 1973 டிசம்பர் 19, தியாகராய நகர்க் கூட்டம். பேசிக்கொண்டிருக்கேக்க நோ வந்து முனகிறார், பிறகு விட்ட இடத்திலயிருந்து பேசுறார். அஞ்சாம் நாள் ஆள் இல்லை. தேர்தலில நிக்கிற எண்ணமே இல்லாத மனுசன், ஆருக்கு ஒளிக்க வேணும்?


சுன்னாகச் சந்தை | திங்கள் பின்னேரம் 3:10

எங்கட ஆக்களைச் சொல்லாமல் தமிழ்நாட்டுக்கு ஏன் ஓடுறியள்? புலிகளின்ர கிட்டு 87 மார்ச்சில காலை இழந்தவர், அதுக்குப் பிறகும் ஆள் ஆள்தான். தமிழ்ச்செல்வன் தடியோடதான் பேச்சுவார்த்தைக்கு வந்தவர். தடியும் சிரிப்பும் இல்லாமல் அவற்ற படம் ஒண்டு காட்டுங்கோ பாப்பம். சனம் அதைக் குறையாப் பாத்ததோ?


மட்டுறுத்துநர் | திங்கள் பின்னேரம் 3:40

இதுக்குக் கீழ வந்த 14 பதிவுகளை நீக்கியிருக்கிறன். இயக்க வரலாற்றுக்கு வேற இழை கிடக்கு. இஞ்ச தலைப்போட நில்லுங்கோ.


டோட்முண்ட் ரவி | திங்கள் இரவு 11:55

இஞ்ச ஜேர்மனியில அரசியல்வாதி ஷொய்ப்லவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1990 ஒக்டோபர் 12, ரெண்டு ஜேர்மனியும் ஒண்டாகி ஒன்பதாம் நாள், தேர்தல் கூட்டம் ஒண்டில மனநோயாளி ஒருத்தன் சுட்டவன். அண்டையிலயிருந்து சக்கரக் கதிரை. அவர் ஒண்டையும் மறைக்கேல்லை. தொலைக்காட்சியில தானே சில்லை உருட்டிக்கொண்டு வருவார். 2009இலயிருந்து 2017 மட்டும் நிதியமைச்சர். கிரேக்கக் கடன் பிரச்சினை நேரம் அவரைத் திட்டாத ஆளில்லை. கொள்கையைத் திட்டினாங்கள், அவரின்ர காலை இல்லை. எனக்கு அதுவே பெரிய விசயமாப் பட்டுது.

ஆனால் உச்சிப் பதவி கிடைக்கேல்லை. ஹெல்முட் கோலுக்குப் பிறகு இவர்தான் எண்டு எல்லாரும் நினைச்ச நேரம், 1997இல ஒரு சஞ்சிகைப் பேட்டியில தானே கேட்டவர், ஒரு முடவன் சான்சலராகலாமோ எண்டு. அதைக் கேக்கத்தான் வேணும் எண்டும் சொன்னவர். முடவன் எண்ட சொல் அவரின்ர சொல்தான், நான் போட்டதில்லை. மற்றவன் கேக்கமுன்னம் தானே கேட்டுப்போட்டார்.


ஒற்றைக்கால் கொக்கு | செவ்வாய் அதிகாலை 4:50

எல்லாத்தையும் வாசிச்சன். நான் இஞ்ச கிரிக்கெட் இழையில மட்டும்தான் எழுதிறனான். இதில எழுதாமல் இருக்க ஏலாமல் கிடக்கு.

96இல திரும்பி வந்து வளவு துப்பரவாக்கேக்க மிதிவெடி. இடது கால், முழங்காலுக்குக் கீழ. ஜெய்ப்பூர் கால் போடுறன். இப்ப போட்டிருக்கிறது எத்தினையாவது எண்டு எண்ணிறதை விட்டுட்டன்.

போன வருசம், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு, ஒரு கட்சி என்னைப் பிரதேச சபைக்கு நிக்கச் சொல்லிக் கேட்டுது. கட்சிப் பேர் வேண்டாம், எல்லாம் ஒரே மண்தான். துண்டுப்பிரசுரத்துக்குப் படம் எடுக்கிறதுக்கு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. மூண்டு பேர் வந்தவை. ஒருத்தர் சொல்லுறார், இடுப்புக்கு மேல எடு, சனம் "இவர் ஓடித் திரிஞ்சு வேலை செய்வாரோ" எண்டு நினைக்கும். மற்றவர் சொல்லுறார், விசர் கதை, காற்சட்டையை மடிச்சு விட்டுக் காலைக் காட்டு, அதுதான் வோட்டு. மூண்டாமாள், கால் தெரியவேணும் ஆனால் முழுக்கத் தெரியப்படாது, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கட்டும் எண்டு சமாதானம் பேசுறார். நான் அங்கதான் இருக்கிறன். காணி விக்க வந்தவை எல்லைக் கல்லைப் பற்றிக் கதைக்கிற மாதிரி என்ர காலைக் கதைக்கினம். ஒருத்தர்கூட என்னட்டைக் கேக்கேல்லை.

கடைசியில இடுப்புக்கு மேல.

பிறகு கூட்டம். பரலில பலகை போட்டு அடிச்ச மேடை. அஞ்சு படி, பிடிக்கக் கம்பி இல்லை. என்னாலை ஏறலாம். நல்ல காலை முதல் வைக்கவேணும், கொஞ்ச நேரம் எடுக்கும், ஒருத்தற்ற தோள் வேணும். அவை என்ன செய்தவை தெரியுமோ? கூட்டம் 6 மணிக்கு. என்னை 5 மணிக்கே ஏத்தி இருத்திப்போட்டினம். சனம் வரேக்க நான் ஏற்கெனவே கதிரையில, மாலையோட. 9 மணிக்கு எல்லாரும் போய் லைற் நிப்பாட்டினாப் பிறகுதான் இறக்கினவை. நாலு மணித்தியாலம் ஒண்டுக்குப் போக ஏலாமல் இருந்து தமிழ்த்தேசியம் கேட்டன்.

சேர் எழுதின "தூக்கிற கையளை ஒளிச்சது" எண்டதை வாசிக்கேக்க சிரிப்பு வந்தது. எங்கட பெடியள் ரூஸ்வெல்ட்டைப் படிச்சிருக்க மாட்டாங்கள். தானா வந்திருக்கு.

வெல்லேல்லை. கால் காரணமில்லை, கட்சிதான் காரணம்.


காலிப்பர் அக்கா | செவ்வாய் காலை 6:30

தம்பி கொக்கு, வாசிச்சு அழுததோ சிரிச்சதோ தெரியேல்லை. ஒண்டுக்குப் போற கதை ஒருத்தரும் எழுத மாட்டினம். நான் கலியாண வீட்டுக்குப் போனால் காலமையிலயிருந்து தண்ணி குடிக்கிறேல்லை.


கந்தர்மடத்துச் சேர் | செவ்வாய் காலை 7:15

கொக்கு அண்ணைக்கு எண்டு இதை எழுதுறன்.

1936 யூன், பிலடெல்பியா மைதானம். லட்சத்துக்குக் கிட்டச் சனம். ரூஸ்வெல்ட் மகனின்ர கையைப் பிடிச்சு மேடைக்கு வாறார். ஒரு வயசான கவிஞர் கை நீட்டுறார். அவருக்குக் கை குடுக்கத் திரும்பேக்க முழங்கால் பூட்டு விட்டுட்டுது. அக்கா சொன்ன அதே பூட்டு. ஆள் விழுந்து, பேச்சுத் தாளெல்லாம் சேத்தில. சுத்தி நிண்டவை மறைச்சுத் தூக்கி, மண்ணைத் தட்டி, பூட்டைப் பூட்டி நிப்பாட்டினவை. கொஞ்ச நிமிசத்தில பேச்சு. கிட்ட நிண்ட சனம் கண்டது. அடுத்தநாள் பத்திரிகையில வரேல்லை. அவருக்கு எண்டு வைக்கிற பேச்சுமேசையளையும் இழுத்து ஆட்டிப் பாத்துத்தான் வைப்பினமாம், ஏனெண்டால் அவர் நிண்டது கையில, காலில இல்லை.

இன்னொண்டு. 1944 யூலை, ஹவாயில ஒரு படை ஆஸ்பத்திரி. கை கால் போன பெடியளின்ர வாட்டு. அவர் அண்டைக்குக் கார் கேக்கேல்லை, காலிப்பரும் போடேல்லை. சக்கரக் கதிரையில தன்னை மெல்ல உருட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டிலாப் போனவர். சூம்பின காலை அந்தப் பெடியள் வடிவாப் பாக்கட்டும் எண்டு.

1945 மார்ச் 1, யால்ட்டா மாநாடு முடிஞ்சு வந்து காங்கிரசில முதன்முதலா இருந்துகொண்டு பேசினவர். மன்னிக்கவேணும், காலின்ர அடியில 10 இறாத்தல் இரும்பைக் காவாமல் இருக்கிறது லேசாக் கிடக்கு எண்டு சொன்னவர். ஆறு கிழமையில காலமாகீட்டார். 1997இல வொஷிங்டனில நினைவிடம் திறக்கேக்க, சிலையில கதிரையைப் பெரிய போர்வையால மூடித்தான் செதுக்கியிருந்தவை. வலுவிழந்தோர் அமைப்புகள் சண்டை பிடிச்சு, 2001இல வாசலில சக்கரக் கதிரைச் சிலை ஒண்டு வந்தது.


ஒற்றைக்கால் கொக்கு | செவ்வாய் காலை 7:40

அந்த ஆஸ்பத்திரிக் கதையை ரெண்டு தரம் வாசிச்சன் சேர்.

எனக்குக் கால் போன கிழமை வாட்டுக்கு ஒரு பெரியவர் வந்தவர். கட்டிலுக்குக் கட்டில் ஓறேஞ் பார்லி குடுத்தவர், படம் எடுத்தவர். என்ர காலைப் பாக்காமல் சுவரைப் பாத்துக் கதைச்சவர். அதே பின்னேரம் செயற்கைக்கால் போட்ட ஒருத்தர், கன்ரீன்காரன், தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு, சாரத்தை முழங்கால் மட்டும் தூக்கி, காலைத் தட்டிக் காட்டினான். "இறப்பர். சேத்தில நடக்கலாம். குந்தலாம். கோயிலுக்கு வெறுங்காலோட போகலாம். நிறம்தான் கொஞ்சம் வெள்ளை" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன்.

அது உண்மை. சப்பாத்தில்லாமல் நடக்கிறதுக்கெண்டே செய்த கால் அது, விரல்கூட வைச்சிருக்கு. அதாலை எங்கட ஊரில ஒளிக்கவும் ஏலாது. ரூஸ்வெல்ட்டுக்குக் காற்சட்டை, சப்பாத்து. நல்லூரில வெறும் மேலோட, வெறுங்காலோட மணலில நிக்கேக்க எதை ஒளிக்கிறது? கொடியேத்தத்துக்குப் பக்கத்தில நிண்ட சின்னப் பெடியன் குனிஞ்சு என்ர பெருவிரலைத் தொட்டுப் பாத்தான். தாய் அடிச்சுப்போட்டா. தொடட்டும் பிள்ளை எண்டன்.


கோண்டாவில் பெடியன் | செவ்வாய் காலை 8:20

நான் முதல் எழுதினதில பாதியை வாபஸ் வாங்கிறன். மற்றப் பாதி கிடக்கு.

ஜனாதிபதியா இருந்த சந்திரிகாவை எடுங்கோ. 1999 டிசம்பர் 18 கொழும்பு நகர மண்டபத்தடிக் குண்டு, வலக்கண் போச்சு. மூண்டாம் நாள் தேர்தல். 51 சதவீதத்தோட வெற்றி. கண்ணில கட்டோட தொலைக்காட்சியில வந்து நாட்டுக்குப் பேசினா. எம்.ஜி.ஆரும் அதுதான். குண்டு, கட்டு, வெற்றி. காயம் எண்டால் அதுக்கு ஒரு நாள், ஒரு எதிரி இருக்கு, சனத்துக்குக் கதை விளங்குது. அக்காவின்ர காலிப்பருக்கு எதிரி ஆர்? ஒரு கிருமி. அதுக்கு ஆர் வோட்டுப் போடுவினம்? பிறவியிலயிருந்து ஒரு கை இல்லாத ஆள் யாழ்ப்பாணத்தில மேடையேறினதை நான் காணேல்லை.


சுன்னாகச் சந்தை | செவ்வாய் காலை 8:45

பாராளுமன்றத்தில இப்ப ஒருத்தர் இருக்கிறார்தானே. சுகத் வசந்த டி சில்வா, தேசிய மக்கள் சக்தி. கண் தெரியாத முதல் எம்.பி. 2024இல வந்தவர்.


பழைய பேப்பர் | செவ்வாய் காலை 9:10

நல்ல விசயம். ஆனால் தேசியப் பட்டியல். கட்சி துணிஞ்சது, சனத்தை இன்னும் கேட்டுப் பாக்கேல்லை. எங்கட கட்சியளின்ர தேசியப் பட்டியலுக்கு அப்பிடி ஒரு யோசினை கனவிலயும் வராது. அதுக்குத் தோத்த ஆக்களே வரிசையில நிக்கினம்.


கலரி ரிக்கற் | செவ்வாய் காலை 10:30

"கண் தெரியாத" எண்டு எழுதாதேங்கோ. விழிப்புலனற்ற. பொதுவா எண்டால் மாற்றுத்திறனாளி. கலைஞர் கொண்டுவந்த சொல். அவரும் முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு சக்கர நாற்காலியிலதானே கடைசி மட்டும் தேர்தல் பிரசாரம் செய்தவர்.


காலிப்பர் அக்கா | செவ்வாய் காலை 10:52

சொல்லை விடும் தம்பி. நான் சின்னனில நொண்டி, பள்ளிக்கூடத்தில அங்கவீனர், கந்தோரில வலுவிழந்தவர், இளைப்பாறேக்க விசேட தேவையுடையவர், இப்ப மாற்றுத்திறனாளி. அஞ்சு பேர் மாறீட்டுது. எங்கட கந்தோர் வாசலில மூண்டு படி. அது மாறேல்லை.

1996இல சட்டம் வந்தது, 28ஆம் இலக்கம். 2006இல பொதுக் கட்டடங்களுக்கு ஒழுங்குவிதி வந்தது. 2016இல ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில அஞ்சு வயசுக்கு மேல 16 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு ஏலாமை. நூற்றுக்கு ஒன்பது பேர் மட்டில. அவ்வளவு பேரின்ர வோட்டு வேணும், ஆனால் வோட்டுப் போடுற இடம் எப்பவும் ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில வகுப்பு எப்பவும் திண்ணைக்கு மேல. போன முறை ஒரு பொலிஸ்காரப் பெடியன் "அம்மா தூக்கி விடட்டோ" எண்டு கேட்டான். நல்ல பிள்ளை. அவன் கேட்ட உடன வரிசையில நிண்ட முழுப்பேரும் என்னைப் பாத்தவை. ரூஸ்வெல்ட்டுக்கு எது பிடிக்கேல்லை எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கினது. தூக்கிறதில்லை, தூக்கேக்க பாக்கிறது.

அதாலை அவரை ஏமாத்துக்காரன் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. ஆனால் ஒரு கோவமும் கிடக்கு. 12 வருசம் அந்தக் கதிரையில இருந்து உலகத்தை ஆண்டவர், அதை ஒருக்காச் சனத்துக்குக் காட்டியிருந்தால், 1970இல என்ர அம்மா என்னைக் கலியாண வீட்டில உள்ளறையில இருத்தியிருக்க மாட்டாவோ எண்டு சிலநேரம் நினைப்பன். பேய் நினைப்புத்தான். அம்மாவுக்கு ரூஸ்வெல்ட்டைத் தெரியாது.


டோட்முண்ட் ரவி | செவ்வாய் மத்தியானம் 1:05

இஞ்ச நாடாளுமன்றத்தில பேச்சுமேசையையே ஒரு பொத்தானை அமத்தி உயர்த்திப் பதிக்கலாம் அக்கா. குள்ளமான ஆளுக்கும் அதேதான், கதிரையில வாற ஆளுக்கும் அதேதான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை.

எங்கட ஊர்ச் சனசமூக நிலைய மேடைக்குச் சரிவுப் பாதை கட்ட நாங்கள் இஞ்ச காசு சேர்க்கலாம்.


பழைய பேப்பர் | செவ்வாய் மத்தியானம் 1:20

கட்டினால் திறப்புவிழாவுக்கு மேடை போட்டு, அதுக்கு அஞ்சு படி வைப்பினம்.


கோண்டாவில் பெடியன் | செவ்வாய் இரவு 8:15

கொக்கு அண்ணை, அடுத்த முறை திரும்பக் கேட்டால் நிப்பியளோ?


ஒற்றைக்கால் கொக்கு | செவ்வாய் இரவு 9:30

நிக்கலாம். படம் முழுசா, நிண்டபடி, வேட்டியோட. மேடைக்கு 6 மணிக்குத்தான் வருவன், சனம் இருக்கேக்க ஏறுவன். எவ்வளவு நேரம் எடுக்குதோ எடுக்கட்டும், அறிவிப்பாளர் அதுக்குள்ள ஒரு பாட்டுப் போடட்டும்.

முதல் செயற்கைக்காலுக்குள்ள என்ர கால் இறங்கிற இந்தச் சொக்கற்றை மாத்தவேணும். மெலிஞ்சு போனன், ரெண்டு சொக்ஸ் போட்டும் ஆடுது. நாளைக்கு விடியக் காலைக் கழட்டிக் குடுத்துட்டுப் பின்னேரம் மட்டும் வாங்கில இருக்கவேணும். ஆரும் அந்தப் பக்கம் வந்தால் பேப்பர் ஒண்டு கொண்டுவாங்கோ.